முந்நூறு வருஷம் சும்மா இருந்தவர்கள் 1810-ல் ஏன் கிளம்பினார்கள்? (ஸ்பானிய அமெரிக்கா விவாத இழை)

கீழ்வீதி:
போட்டித் தேர்வுக் கையேடு எதைத் திறந்தாலும் ஒரே வரிதான். "அமெரிக்கப் புரட்சி, பிரெஞ்சுப் புரட்சி, அறிவொளிச் சிந்தனை ஆகியவற்றால் உந்தப்பட்டு லத்தீன் அமெரிக்க மக்கள் ஸ்பெயினிடமிருந்து விடுதலை கோரினர்." மார்க் வாங்க இது போதும், எனக்குத்தான் செரிக்கவில்லை. வட அமெரிக்கா பிரிந்தது 1776, பிரான்ஸில் புரட்சி 1789. இவர்கள் கிளம்பியதோ 1810. அதுவும் ஒரே வருஷத்தில் ஏப்ரலில் கராகஸ், மே மாதம் ப்யூனஸ் அயர்ஸ், ஜூலையில் பொகோட்டா, செப்டம்பரில் மெக்சிகோவும் சிலியும். தந்தி கிடையாது, ரயில் கிடையாது, ஊருக்கு ஊர் ஆயிரக்கணக்கான மைல். அப்படியிருந்தும் யாரோ விசில் ஊதினாற்போல எல்லோரும் எழுந்திருக்கிறார்கள். புத்தகம் படித்து உந்தப்பட்டவர்கள் இருபது வருஷம் காத்திருப்பார்களா? விஷயம் தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

சும்மா ஒருத்தன்:
நெப்போலியன். அவ்வளவுதான். இழையை மூடிவிடலாம்.

பனைமரம்:
பின்தொடர.

அடிக்குறிப்பு:
சும்மா ஒருத்தன் சொன்னது பாதி சரி. கதவைத் திறந்துவிட்டது நெப்போலியன்தான், ஆனால் வெளியே போகலாம் என்று உள்ளே இருந்தவர்களுக்குத் தோன்றியதற்கு ஐம்பது வருஷப் பின்னணி உண்டு.

1762-ல் பிரிட்டிஷார் ஹவானாவையும் மணிலாவையும் ஒரே வருஷத்தில் பிடித்துவிட்டார்கள். அடுத்த வருஷம் புளோரிடாவைக் கொடுத்து ஹவானாவை மீட்க வேண்டியிருந்தது. மாட்ரிட்டுக்கு உதறல் எடுத்துவிட்டது. கோட்டை கட்ட, படை வைக்க, கப்பல் செய்யப் பணம் வேண்டும், அந்தப் பணத்தைக் காலனிகள்தான் தர வேண்டும் என்று மூன்றாம் சார்லஸின் அரசாங்கம் முடிவெடுத்தது. அதற்கு முன்னாலும் வரி இருந்தது. ஆனால் வசூல் பெரும்பாலும் உள்ளூர்ப் பெரிய மனிதர்களின் கையில் குத்தகையாக இருந்ததால், கொஞ்சம் கட்டி கொஞ்சம் மறைத்துக் காலம் ஓடியது. இப்போது ஸ்பெயினிலிருந்து நேராக அதிகாரிகள் வந்து இறங்கினார்கள். புகையிலை அரசின் ஏகபோகமானது. பெருவில் 2 சதவீதமாக இருந்த விற்பனை வரி 1772-ல் 4 ஆனது, 1776-ல் 6 ஆனது. வழியெங்கும் சுங்கச்சாவடிகள் வந்தன.

அப்புறம் பதவி. பதினேழாம் நூற்றாண்டுக் கடைசியிலிருந்து ஸ்பானிய அரசர்கள் காசு முடை வந்தபோதெல்லாம் அமெரிக்காவிலிருந்த உயர்நீதிமன்றப் பதவிகளை விலைக்கு விற்றார்கள். அங்கேயே பிறந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் அவற்றை வாங்கி உட்கார்ந்தன. 1750-ல் விற்பனை நின்றது. அதன்பின் காலியான இடங்களுக்குப் பெரும்பாலும் ஸ்பெயினில் பிறந்தவர்கள்தான் வந்தார்கள். தன் மாமா உட்கார்ந்திருந்த நாற்காலியில் நேற்றுக் கப்பலில் வந்தவன் உட்காருகிறான் என்றால் எப்படி இருக்கும்?

1767-ல் ஏசுசபைப் பாதிரியார்களை ஒரேயடியாக நாடு கடத்தினார்கள். அவர்களில் ஏகப்பட்ட பேர் உள்ளூர்க் குடும்பத்துப் பிள்ளைகள், உள்ளூர்ப் பையன்களுக்குப் பாடம் சொன்னவர்கள். மெக்சிகோவில் சில சுரங்க ஊர்கள் கலகம் செய்தன, பலரைத் தூக்கிலிட்டார்கள். அப்போது மெக்சிகோ வைஸ்ராய் விட்ட அறிவிப்பில் ஒரு வரி உண்டு: குடிகள் பிறந்தது வாயை மூடிக்கொண்டு கீழ்ப்படிவதற்கு, அரசாங்கத்தின் பெரிய விஷயங்களை விவாதிப்பதற்கு அல்ல. நாற்பது வருஷம் கழித்து விவாதித்தவர்கள் இந்த வரியைப் படித்து வளர்ந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள்.

பனைமரம்:
//அங்கேயே பிறந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள்// இவர்களைத்தானே கிரியோல் என்கிறார்கள்? ரத்தம் ஒன்றுதான், பிறந்த ஊர் மட்டும் வேறு. அதற்காகவா இவ்வளவு சண்டை?

அடிக்குறிப்பு:
ஆமாம், கிரியோல்கள். பிறந்த ஊர் ஒன்றுதான் வித்தியாசம், அதனால்தான் எரிச்சல் அதிகம்.

செம்மண்:
அண்ணே, உங்கள் பதிவு முழுக்க நாற்காலி போன மேட்டுக்குடியின் வருத்தம். தலைப்பில் 'கிளம்பினார்கள்' என்று இருக்கிறது. யார் கிளம்பினார்கள்? 1810-க்கு முப்பது வருஷம் முன்னாலேயே ஆண்டிஸ் மலையில் பற்றி எரிந்ததே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

பெருவில் மாவட்டத்தை நிர்வகித்த கொர்ரெஹிதோர் என்ற அதிகாரிக்கு ஒரு உரிமை இருந்தது. தன் எல்லைக்குட்பட்ட பூர்வகுடிகளுக்குச் சரக்கைக் கட்டாயமாக விற்கலாம். கழுதை, துணி, இரும்பு என்று அவர் வைத்ததுதான் விலை. வேண்டாம் என்று சொல்ல முடியாது, கடனில் எழுதிவிடுவார். முகத்தில் முடியே சரியாக வளராதவர்களின் தலையில் சவரக்கத்தியைக் கட்டினார்கள் என்று ஸ்பானிய அரசுக்குப் போன அறிக்கைகளே குறை சொல்கின்றன. இதற்கு மேல் பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு முறைவைத்து ஆள் அனுப்ப வேண்டும். போனவர்களில் பலர் திரும்பியதில்லை.

டூபக் அமாரு என்று பெயர் வைத்துக்கொண்ட ஹோசே கப்ரியேல் கொண்டோர்காங்கி மூன்று ஊர்களுக்குத் தலைவர், கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றி பொத்தோசி வரை போய்வந்த வியாபாரி. சுங்கச்சாவடியும் அவரைக் கடித்தது, கட்டாய விற்பனையும் அவர் ஜனங்களைக் கடித்தது. முதலில் அவர் வாளெடுக்கவில்லை. லிமாவுக்குப் போய், தன் ஊர்க்காரர்களைச் சுரங்க வேலையிலிருந்து விடுவிக்கச் சொல்லி மனு கொடுத்தார். நடக்கவில்லை. 1780 நவம்பர் 4, அரசரின் பெயர்நாள். ஒரு பாதிரியார் வீட்டில் விருந்து. டூபக் அமாருவும் கொர்ரெஹிதோர் அர்ரியாகாவும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். விருந்து முடிந்து அர்ரியாகா வீடு திரும்பும் வழியில் மடக்கிப் பிடித்து துங்காசூகா என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். அவர் கையாலேயே கடிதம் எழுத வைத்துப் பணமும் ஆயுதமும் வரவழைத்தார்கள். ஆறு நாள் கழித்து ஊர்ச் சதுக்கத்தில் தூக்கு. முதல் தடவை கயிறு அறுந்துவிட்டது, மறுபடி போட்டார்கள்.

அதற்கப்புறம் தெற்குப் பெருவும் இன்றைய பொலிவியாவும் இரண்டு வருஷம் எரிந்தன. செத்தவர்கள் ஒரு லட்சம் வரை என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். படைக்குச் சோறும் ஆளும் திரட்டி ஒழுங்கு பார்த்தது அவர் மனைவி மிக்கேலா பாஸ்திதாஸ். 1781 மே 18 அன்று குஸ்கோ சதுக்கத்தில் மனைவியையும் மூத்த மகனையும் கண்ணெதிரே கொன்றுவிட்டு, அவரை நான்கு குதிரைகளில் கட்டி இழுத்தார்கள். உடல் பிரியவில்லை. கடைசியில் தலையை வெட்டினார்கள். இதைச் சொல்லாமல் வரிக்கணக்கு மட்டும் பேசினால் எப்படி?

கீழ்வீதி:
இதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு சந்தேகம். அவர் கேட்டது விடுதலையா?

செம்மண்:
தெளிவாகச் சொல்ல முடியாத இடம் அது. அர்ரியாகாவைத் தூக்கிலிட்டபோது "அரசர் உத்தரவுப்படி" என்றுதான் அறிவித்தார்கள். ஆனால் ஸ்பானியர் வருமுன் பெருவை ஆண்ட இன்கா அரச வம்சம் என்ற உரிமையையும் அவர் விடவில்லை. மக்களைப் பொறுத்தவரை இன்கா திரும்பி வந்துவிட்டார், அவ்வளவுதான். ஸ்பானியர்களும் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். அதனால்தான் தண்டனைத் தீர்ப்பிலேயே இன்கா உடை, இன்கா பட்டம், பழைய அரசர்களின் படம் எல்லாவற்றுக்கும் தடை போட்டார்கள்.

அடிக்குறிப்பு:
செம்மண் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், அவர் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. அதே 1781-ல் இன்றைய கொலம்பியாவில் சொக்கோர்ரோ ஊரில், சந்தை நாளன்று சுவரில் ஒட்டியிருந்த வரி அறிவிப்பை மனுவேலா பெல்த்ரான் என்ற பெண் கிழித்துப் போட்டார். அங்கிருந்து கிளம்பிய கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகி பொகோட்டாவின் வாசல் வரை வந்துவிட்டது. கோஷம் என்ன தெரியுமா? "அரசர் வாழ்க, கெட்ட அரசாங்கம் ஒழிக!" அதிகாரிகள் பயந்துபோய் எல்லாக் கோரிக்கையிலும் கையெழுத்துப் போட்டார்கள். கூட்டம் கலைந்ததும் ஒப்பந்தத்தை ரத்து செய்து, அதை நம்பாமல் எதிர்த்துநின்ற ஹோசே அந்தோனியோ கலானைக் கொன்றார்கள்.

கையேட்டுக்காரர்களுக்கு ஒரு தகவல். அந்தப் புது வரி எதற்கு? 1779-ல் ஸ்பெயின் பிரிட்டன் மீது போர் அறிவித்தது. வாஷிங்டன் படை ஜெயிக்க அது பெரிய உதவி. அந்தப் போர்ச் செலவுக்குத்தான் பொகோட்டாவில் வரியைக் கூட்டினார்கள். ஆக, "அமெரிக்கப் புரட்சி தென் அமெரிக்காவைத் தூண்டியது" என்பது ஒருவிதத்தில் சரிதான், பில் வடிவத்தில் வந்து தூண்டியது.

சும்மா ஒருத்தன்:
எல்லாம் சரி. ஆனால் நீங்கள் இருவரும் சொன்ன எல்லாக் கலகத்திலும் "அரசர் வாழ்க" இருக்கிறதே, கவனித்தீர்களா? அரசர் நல்லவர், சுற்றி இருப்பவர்கள்தான் கெட்டவர்கள். இந்த நம்பிக்கை இருக்கும்வரை யாரும் பிரிந்து போக மாட்டார்கள். அந்த அரசரே காணாமல் போனால்? அதனால்தான் முதல் பதிவிலேயே நெப்போலியன் என்றேன்.

1808 மே மாதம், பாயோன் நகரத்தில் அப்பன் நான்காம் சார்லஸ், மகன் ஏழாம் ஃபெர்டினாண்ட் இரண்டு பேரிடமும் கிரீடத்தைப் பிடுங்கி, தன் அண்ணன் ஜோசஃப் தலையில் வைத்தான் நெப்போலியன். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாருக்குக் கீழ்ப்படிவது? பிரெஞ்சுக்காரனுக்கா? ஸ்பெயினில் ஊருக்கு ஊர் முளைத்த குழுக்களுக்கா? அந்த ஊர்க்காரர்கள் தாங்களே குழு அமைத்துக்கொள்ளலாம் என்றால் நாங்கள் ஏன் அமைக்கக் கூடாது? 1809-லேயே சூக்கிசாக்கா, லா பாஸ், கீட்டோ மூன்றிலும் முயன்றார்கள், அடக்கிவிட்டார்கள். 1810 தொடக்கத்தில் பிரெஞ்சுப் படை ஆண்டலூசியாவுக்குள் புகுந்து, ஸ்பெயினில் எஞ்சியிருந்த மத்தியக் குழுவும் கலைந்து, காதிஸ் துறைமுகத்தில் ஒரு சின்ன ஆட்சிக்குழு ஒண்டிக்கொண்டது. அந்தச் செய்தி கப்பலில் போய்ச் சேர்ந்த வரிசையில்தான் ஊர் ஊராக எழுந்தன. கீழ்வீதி கேட்ட விசில் இதுதான்.

கராகஸில் நடந்தது சினிமாவுக்குச் சமம். செய்தி வந்து ஓரிரு நாளில் பெரிய வியாழன், ஏப்ரல் 19. ஆளுநர் எம்பரான் பூசைக்காக மாதாகோவிலுக்குப் போகிறார். வாசலில் ஒருவர் அவர் கையைப் பிடித்து நகர சபைக்குத் திரும்பச் சொல்கிறார். ஆளுநரின் கையைத் தொட்டால் சிப்பாய்கள் சும்மா இருப்பார்களா? இருந்தார்கள். சபைக்குள் வாக்குவாதம். எம்பரான் பொறுக்காமல் பால்கனிக்கு வந்து, கீழே கூடியிருந்தவர்களைப் பார்த்து, நான் உங்களை ஆள வேண்டுமா வேண்டாமா என்று கேட்கிறார். அவருக்குப் பின்னால் மதரியாகா என்ற பாதிரியார் நின்றுகொண்டு கூட்டத்துக்கு 'வேண்டாம்' என்று விரலால் சைகை காட்டுகிறார். கூட்டம் "வேண்டாம்" என்று கத்தியது. "அப்படியானால் எனக்கும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார் மனிதர். கராகஸில் ஸ்பானிய ஆட்சி அன்று ஒரு துப்பாக்கிகூட வெடிக்காமல் போனது.

ஆனால் அன்று அமைந்த குழுவின் பெயரைப் பாருங்கள்: "ஏழாம் ஃபெர்டினாண்டின் உரிமைகளைக் காக்கும் உயர் குழு". மறுபடியும் அரசர்!

கீழ்வீதி:
இங்கேதான் எனக்கு இடிக்கிறது. அரசருக்காகத்தான் குழு என்றால், 1814-ல் ஃபெர்டினாண்ட் திரும்பி வந்ததும் "வாருங்கள் ராஜா" என்று சாவியைக் கொடுத்திருக்க வேண்டுமே? முகமூடி போட்டுக்கொண்டு நடித்தார்களா?

அடிக்குறிப்பு:
சிலர் நடித்தார்கள். பெரும்பாலோர் உண்மையாகவே நம்பினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நடுவில் நடந்த நாலைந்து வருஷம்தான் மனசை முறித்தது. என்னைக் கேட்டால் இந்த இழையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

காமிலோ டோரஸ் பொகோட்டாவில் வழக்கறிஞர். 1809-ல் ஸ்பெயினின் மத்தியக் குழு, அமெரிக்க மண் காலனி அல்ல, ராஜ்யத்தின் பிரிக்க முடியாத அங்கம் என்று பெருமையாக அறிவித்து, பிரதிநிதிகளை அனுப்பச் சொன்னது. எத்தனை பேர்? ஸ்பெயினிலிருந்து 36, அந்தப் பரந்த கண்டம் முழுவதற்கும் 9. டோரஸ் உட்கார்ந்து ஒரு முறையீடு எழுதினார். நாங்களும் உங்களைப் போலவே அசல் ஸ்பானியர்கள், அதே முன்னோர்களின் வாரிசுகள், சமத்துவம் கொடுங்கள், கொடுக்காவிட்டால் பிரிவு வந்து சேரும் என்று சாராம்சம். கெஞ்சலும் எச்சரிக்கையும் கலந்த எழுத்து. பொகோட்டா நகர சபை பயந்துபோய் அதை அனுப்பவே இல்லை.

பிறகு காதிஸில் நாடாளுமன்றம் கூடி 1812-ல் அரசியல் சட்டம் இயற்றினார்கள். அந்தக் காலத்துக்கு ரொம்பத் தாராளமான சட்டம். ஆனால் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குக் குடியுரிமை இல்லை, தொகுதிக் கணக்கிலும் அவர்களைச் சேர்க்கவில்லை. வெறும் இன வெறுப்பால் நீக்கிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள், எல்லோரையும் எண்ணினால் அமெரிக்க உறுப்பினர்கள் ஸ்பெயின் உறுப்பினர்களை மிஞ்சிவிடுவார்கள். தாராளவாதிகளே கணக்கு என்று வந்தால் இப்படித்தான் என்று தெரிந்துபோனது.

1814-ல் ஃபெர்டினாண்ட் வந்தார். வந்ததும் அரசியல் சட்டத்தைக் கிழித்தார். அடுத்த வருஷம் ஜெனரல் மொரில்லோ தலைமையில் 10,000 பேருக்கு மேற்பட்ட படையைக் கடல் தாண்டி அனுப்பினார். சாவியை வாங்க வரவில்லை, பூட்டை உடைக்க வந்தார்கள். 1816 அக்டோபரில் பொகோட்டாவில் டோரஸைச் சுட்டுக் கொன்று, தலையை மக்கள் பார்க்கும்படி வைத்தார்கள். ஏழு வருஷத்துக்கு முன் "நாங்களும் ஸ்பானியர்கள்" என்று எழுதிய அதே மனிதர். அதற்கு மேலும் சமாதானம் பேச யார் மிச்சம்?

தேன்மொழி:
இவ்வளவு பேசினீர்கள், சிந்தனைக்குப் பங்கே இல்லை என்கிற மாதிரி போகிறது. ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தோனியோ நாரீஞோ 1793 கடைசியில் பொகோட்டாவில் தன் சொந்த அச்சகத்தில் பிரெஞ்சு மனித உரிமைப் பிரகடனத்தை ஸ்பானிய மொழியில் அச்சடித்தார். அவருக்கு மூலப் புத்தகம் கிடைத்தது வைஸ்ராயின் மெய்க்காவல் அதிகாரியிடமிருந்து, அது தனிக் கூத்து. ஒன்றிரண்டு பிரதி வெளியே போனதும் பயம் பிடித்து மீதியை எரித்துவிட்டார். அப்படியும் பிடித்துச் சொத்தைப் பறித்துப் பத்து வருஷ ஆப்பிரிக்கச் சிறைத் தண்டனை கொடுத்தார்கள். ஒரு தாளுக்குப் பத்து வருஷம்! அரசாங்கமே அந்தத் தாளைக் கண்டு அவ்வளவு நடுங்கியிருக்கும்போது, நாம் ஏன் அதைச் சாதாரணமாகத் தள்ளுகிறோம்?

பெருவில் பிறந்து, ஏசுசபையோடு நாடு கடத்தப்பட்டு, இத்தாலியிலும் லண்டனிலும் அலைந்து செத்த விஸ்கார்தோ, அமெரிக்க ஸ்பானியர்களுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தை 1799-ல் அச்சிட்டுப் பரப்பியது வெனிசுவேலா விடுதலைப் போராளி மிராண்டா. ப்யூனஸ் அயர்ஸில் மரியானோ மொரேனோ 1810-லேயே அறிவொளிச் சிந்தனையாளர் ரூசோவை மறுபதிப்புச் செய்தார், மதம் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிட்டு.

அடிக்குறிப்பு:
தேன்மொழி அவர்களே, சிந்தனைக்குப் பங்கு இல்லை என்று நான் எங்கும் எழுதவில்லை. எந்தச் சிந்தனை என்பதில்தான் என் சந்தேகம். 1808-ல் மெக்சிகோ நகர சபையில் பிரிமோ தே வெர்தாத் என்ற வழக்கறிஞர் எழுந்து, அரசர் இல்லாதபோது அதிகாரம் மக்களிடமே திரும்பிவிடுகிறது என்று வாதாடினார். இதற்கு ரூசோ தேவையில்லை. கடவுள் அதிகாரத்தை மக்களுக்குக் கொடுக்கிறார், மக்கள் அரசருக்கு ஒப்படைக்கிறார்கள் என்று ஸ்பெயின்காரரான ஏசுசபைத் தத்துவவாதி சுவாரெஸ் இருநூறு வருஷத்துக்கு முன்பே எழுதிவிட்டார். பல்கலைக்கழகத்தில் பாடமாக இருந்த சரக்கு. புரட்சிக்காரர்கள் பலர் கையில் எடுத்தது எதிரியின் சொந்தப் பழைய ஆயுதம். (வெர்தாத் சிறை அறையில் செத்துக் கிடந்தார். வைஸ்ராயையே ஸ்பானிய வணிகர்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிவிட்டு வேறு ஆளை உட்கார வைத்தார்கள். சட்டத்தை முதலில் மீறியது ஸ்பானியத் தரப்புதான்.)

அப்புறம் மிராண்டா. 1806-ல் கப்பலில் ஆள் திரட்டிக்கொண்டு வெனிசுவேலாவில் கோரோ ஊரில் இறங்கினார், எல்லாச் சிந்தனைகளும் மனப்பாடம். ஊர் ஜனம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டது. நாலே வருஷத்தில் அதே நாட்டில் எம்பரான் பால்கனியை விட்டு இறங்குகிறார். இடையில் மாறியது புத்தகம் இல்லையே.

பனைமரம்:
மெக்சிகோ பேச்சு வந்ததால் என் பங்கு. 1810-ல் அங்கே எழுச்சியைத் தொடங்கிய ஹிடால்கோ பாதிரியாரின் கூட்டம் ரூசோவையும் படிக்கவில்லை, சுவாரெஸையும் படிக்கவில்லை. 1804 கடைசியில் ஸ்பெயின் ஒரு உத்தரவு போட்டது. அங்கே சர்ச்சுகள்தான் வங்கி மாதிரி, பண்ணையாரும் வணிகரும் அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தார்கள். அந்தக் கடனையெல்லாம் திரும்ப வசூலித்து மாட்ரிட்டுக்கு அனுப்ப வேண்டுமாம். மெக்சிகோவிலிருந்து மட்டும் சுமார் ஒரு கோடி பெசோ போனது. அதில் ஒரு பகுதி நெப்போலியனுக்கே கப்பமாகப் போனதுதான் கொடுமை. ஹிடால்கோ குடும்பத்தின் பண்ணைக்கும் இதில் அடி.

அடுத்து 1808 தொடங்கி மழை பொய்த்தது, சோள விலை பல மடங்கு ஏறியது. இந்த நிலைமையில் 1810 செப்டம்பர் 16 காலை டொலோரெஸ் ஊரில் மணி அடித்தது. குவாதலூப்பே மாதா படக் கொடி. இரண்டே வாரத்தில் குவானாஹ்வாத்தோ. அங்கே ஸ்பானியர்கள் தங்கள் வெள்ளியையும் குடும்பத்தையும் எடுத்துக்கொண்டு எங்கே ஒளிந்தார்கள்? ஊரின் தானியக் கிடங்கில்! பசித்த கூட்டத்துக்கு எதிரில் தானியக் கிடங்கை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? உள்ளே இருந்தவர்களில் தப்பியவர்கள் கொஞ்சம்தான். அதைப் பார்த்துப் பயந்து கிரியோல்களில் பெரும்பகுதி அரசர் பக்கம் ஓடியது.

செம்மண்:
நன்றி பனைமரம், நான் சொல்ல வந்ததை நீங்களே தொட்டுவிட்டீர்கள். டோரஸுக்காகக் கண்ணீர் விடும் அண்ணன் ஒன்றைச் சொல்லட்டும். அவர் கேட்ட சமத்துவம் யாருக்கு? 1795-ல் ஸ்பானிய அரசு, காசு கட்டினால் கலப்பினத்தார் வெள்ளையருக்குரிய தகுதியைப் பெறலாம் என்று விலைப்பட்டியல் போட்டது. உடனே எதிர்த்து மனு எழுதியது யார்? கராகஸ் நகர சபை, அதாவது உங்கள் கிரியோல் கனவான்கள். அதனால்தான் 1814-ல் புல்வெளிக் குதிரைக்காரர்களும் கலப்பினத்தாரும் போவெஸ் என்ற ஸ்பானியன் பின்னால் போய் வெனிசுவேலா விடுதலைத் தலைவர் பொலிவாரின் குடியரசை மிதித்துத் துவைத்தார்கள். அவர்களுக்கு எதிரி மாட்ரிட் அல்ல, பக்கத்துப் பண்ணை வீடு.

பொலிவாருக்கு இது உறைத்தது தோற்று ஹைட்டிக்கு ஓடியபோதுதான். அடிமைகள் தாங்களே போராடி 1804-ல் விடுதலை வாங்கிய நாடு. அதிபர் பெத்தியோன் கப்பல், துப்பாக்கி, ஆள் எல்லாம் கொடுத்தார். பதிலுக்குக் கேட்டது ஒன்றே ஒன்று, விடுவிக்கும் இடங்களிலெல்லாம் அடிமைகளை விடுதலை செய்ய வேண்டும். எந்தக் கையேட்டிலாவது இந்த மனிதர் பெயர் இருக்கிறதா?

சும்மா ஒருத்தன்:
செம்மண் தோழர் சூடாகிவிட்டார். மோர் கொடுங்கள்.

நாட்டாமை:
தனிநபர் கிண்டல் வேண்டாம். விஷயத்தைப் பேசுங்கள்.

கடலோடி:
ரெண்டு நாளாக வாசிக்கிறேன், பிலிப்பைன்ஸை யாரும் தொடவில்லை. அடிக்குறிப்பு முதலில் சொன்ன 1762 மணிலாத் தாக்குதல் கிளம்பியது நம்ம மெட்ராஸிலிருந்து. கும்பினிப் படையின் சிப்பாய்களும் போனார்கள், சிலர் திரும்பாமல் மணிலா பக்கம் காயிந்தாவில் குடும்பம் நடத்தித் தங்கிவிட்டார்கள். மணிலா விழுந்த செய்தி கேட்டுத்தான் வடக்கே இலோகோஸில் தியேகோ சிலாங் வரிக்கு எதிராகக் கிளம்பினார். அவரைக் கொன்றதும் மனைவி கப்ரியேலா தொடர்ந்து நடத்தினார், அவரையும் தூக்கிலிட்டார்கள்.

ஆனால் விடுதலைக் குரல் வந்தது நூறு வருஷம் கழித்துத்தான். அடிக்குறிப்பு அண்ணன் சொன்ன அதே முறையில் நடந்திருக்கிறது. 1872-ல் காவித்தே ஆயுதக்கிடங்குத் தொழிலாளர்களுக்கு இருந்த வரிச்சலுகையைப் பிடுங்கினார்கள், கலகம் வந்தது, சாக்கு வைத்து மூன்று உள்நாட்டுப் பாதிரியார்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ரிசாலின் தலைமுறை அதைப் பார்த்து வளர்ந்தது. தன் இரண்டாவது நாவலை அந்த மூவருக்குத்தான் காணிக்கையாக்கினார். அவரும் நண்பர்களும் கேட்டது பிரிவினை அல்ல: மாட்ரிட் நாடாளுமன்றத்தில் இடம், சட்டத்தின் முன் சமத்துவம், நிலத்தையெல்லாம் வளைத்துப்போட்ட துறவிமடங்களுக்குக் கடிவாளம். பதில்? 1892 ஜூலை 7 அன்று ரிசாலைத் தீவாந்தரம் அனுப்பும் அறிவிப்பு வெளியானது. அன்று ராத்திரியே பொனிபாசியோவும் கூட்டாளிகளும் கத்திபுனான் என்ற ரகசிய அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் மனு எழுதவில்லை.

கீழ்வீதி:
ஜூலை 7 விஷயம் இப்போதுதான் தெரிகிறது, அருமை. கடைசியாக ஒன்று. பெரு ஏன் கடைசியில் வந்தது? டூபக் அமாரு பிறந்த மண்தானே முதலில் நின்றிருக்க வேண்டும்?

அடிக்குறிப்பு:
அவர் பிறந்த மண் என்பதால்தான் தாமதம். 1780-ல் கண்டதை லிமா கிரியோல்கள் மறக்கவே இல்லை. ஸ்பெயின் போனால் மலையிலிருந்து யார் இறங்குவார்களோ என்று பயம். கியூபாவிலும் அப்படித்தான், சர்க்கரைத் தோட்டம், அடிமைகள், பக்கத்தில் ஹைட்டி, அதனால் அப்போது பிரியவில்லை, 1898 வரை ஸ்பெயினின் கீழேதான் இருந்தது. பெருவுக்குச் சுதந்திரம் தெற்கிலிருந்து தளபதி சான் மார்ட்டினும் வடக்கிலிருந்து பொலிவாரும் படையோடு கொண்டுபோய்க் கொடுத்தது. கடைசிப் பெரிய சண்டை 1824 டிசம்பர் 9, அயகூச்சோ.

செம்மண்:
ஒரு ஆளை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். பூமாகாவா, குஸ்கோ பக்கத்துப் பூர்வகுடித் தலைவர். 1781-ல் டூபக் அமாருவை ஒடுக்கியவர்களில் முக்கியமானவர், அதற்காக அரசர் அவருக்குப் பட்டமெல்லாம் கொடுத்தார். அதே பூமாகாவா 1814-ல், எழுபது வயதைத் தாண்டி, குஸ்கோ எழுச்சியில் ஸ்பெயினுக்கு எதிராகப் படை நடத்தினார். அடுத்த வருஷம் பிடித்துக் கொன்றார்கள். காதிஸ் சட்டத்தில் சொன்ன உரிமைகளைக்கூட குஸ்கோ அதிகாரிகள் அமல்படுத்தவில்லை என்பதுதான் அந்த எழுச்சியின் முதல் புகார்.

சும்மா ஒருத்தன்:
மெக்சிகோ எப்படி முடிந்தது என்று யாரும் சொல்லவில்லையே. 1820-ல் ஸ்பெயினில் ரியேகோ என்ற படை அதிகாரி கலகம் செய்து காதிஸ் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்ததும், முன்பு புரட்சிக்காரர்களை வேட்டையாடிய தளபதி இத்துர்பிதேவே கட்சி மாறி, திருச்சபையையும் படையையும் காப்பாற்ற 1821-ல் சுதந்திரம் அறிவித்துவிட்டார். ஹிடால்கோ ஆட்கள் சுதந்திரம் கேட்டது ஸ்பெயின் கொடுமை தாங்காமல், இவர் கேட்டது ஸ்பெயின் திடீரென்று நல்லதாகிவிட்டதே என்று!

செம்மண்:
அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூர்வகுடிகள் ஸ்பானிய அரசருக்குக் கட்டிய தலைவரி சுதந்திரப் பெருவில் 1826-ல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்பி வந்தது. 1854-ல்தான் எடுத்தார்கள். அடிமைமுறை அங்கே ஒழிந்ததும் அதே 1854-ல்தான்.